வீவக வீட்டில் தரை மாற்றப் போகிறீர்களா? சதுர அடி விலையை மட்டும் கேட்டுவிட்டு இறங்காதீர்கள்

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் 1994-ல் கட்டிய நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒன்றை மறுவிற்பனையில் வாங்கினோம். வரவேற்பறையில் பழைய டைல்ஸ், படுக்கையறைகளில் பளபளப்புப் போன பார்க்கே (மரத்துண்டுகள் பதித்த தரை). "சதுர அடிக்கு அஞ்சு வெள்ளி, மூணு நாள்ல முடிச்சிடலாம்" என்றார் ஒரு கன்ட்ராக்டர். சமையலறை, குளியலறை தவிர்த்து 700 சதுர அடி. 3,500 வெள்ளியில் (சிங்கப்பூர் டாலர்) முடிந்துவிடும் என்று மனக்கணக்குப் போட்டேன். கடைசியில் வரவேற்பறைக்கு மட்டும் இரண்டு முறை தரை போட்டு, கையை விட்டுப் போனது 13,752 வெள்ளி.

தப்பு அவர் மேல் மட்டும் இல்லை. என்ன கேட்க வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை. புதிதாகச் சாவி வாங்கியவர்களும், வாடகை வீட்டிலிருந்து முதல் முறையாகச் சொந்த வீட்டுக்கு வருபவர்களும் இதைப் படித்துவிட்டுக் கன்ட்ராக்டரைக் கூப்பிடுங்கள். விலைகள் எல்லாம் எனக்கு வந்த கோட்டேஷன்களில் இருந்தவை. உங்களுக்குக் கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

1. முதலில் தரையைத் தட்டிப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டியது இது. செலவே கிடையாது. ஒரு வெள்ளி நாணயத்தையோ சாப்பாட்டுக் கரண்டியின் காம்பையோ எடுத்துக்கொண்டு, முட்டி போட்டு ஒவ்வொரு டைலையும் நான்கு மூலையிலும் நடுவிலும் தட்டுங்கள். நன்றாக ஒட்டியிருக்கும் டைல் 'டக்' என்று கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். அடியில் பிடிப்பு விட்டது 'டொக்' என்று காலிப் பானை மாதிரி ஒலிக்கும். அப்படி ஒலிப்பதில் எல்லாம் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். டிவியையும் ஃபேனையும் அணைத்துவிட்டுச் செய்தால் வித்தியாசம் நன்றாகக் கேட்கும்.

நான் இதைச் செய்யவில்லை. பழைய டைல்ஸ் மேலேயே கிளிக் வினைல் (ஒன்றோடொன்று மாட்டும் பிளாஸ்டிக் பலகை) போட்டார்கள். டிசம்பரில் நான்கைந்து நாள் விடாமல் மழை, வீடு சில்லென்று ஆனது. ஒரு நாள் விடியற்காலை பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். எழுந்து வந்து பார்த்தால் சோபாவுக்கு முன்னால் வினைல் கூடாரம் மாதிரி மேலே தூக்கி நிற்கிறது. கீழே இருந்த டைல்ஸ் வரிசையாகப் பிடிப்பு விட்டு எழும்பியிருந்தன. வெப்பம் திடீரென்று இறங்கும்போது டைல்ஸும் அடியில் உள்ள சிமெண்டும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. பிடிப்பு ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் அங்கேதான் விட்டுக்கொடுக்கும். 2018 ஜனவரியில் சிங்கப்பூர் குளிர்ந்தபோது பல வீவக வீடுகளில் இதே கதைதான்.

மறுபடி வேலைக்கு வந்த டைல்ஸ்காரத் தம்பி புதுக்கோட்டைப் பக்கம். முட்டி போட்டு நாலு தட்டுத் தட்டிவிட்டு, "அண்ணே, பாதித் தரைக்குக் கீழ காத்துதான் இருக்கு. இதுக்கு மேல எதைப் போட்டாலும் நிக்காது" என்றார். முதல் கோட்டேஷன் கொடுத்தவர் ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை. லேசர் அளவைக் கருவியை நீட்டி அளந்தார், போய்விட்டார்.

டேப் ஒட்டிய டைல்ஸ் ஆங்காங்கே நாலைந்து என்றால் அவற்றை மட்டும் எடுத்துப் பூசிவிட்டு மேலே போடலாம். ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் முழுவதையும் உடைக்கத்தான் சொல்வேன்.

2. ஊரில் பார்த்ததை இங்கே கொண்டுவராதீர்கள்

மதுரை, திருநெல்வேலிப் பக்கம் வெயில் காய்ந்த வெயில். அங்கே மரத்துக்கு வரும் சீக்கு, காய்ந்து சுருங்கி இடைவெளி விடுவது. இங்கே நேர் எதிர். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90-ஐத் தாண்டும். மரம் ஈரத்தைக் குடித்து உப்பும். அதனால் "எங்க அண்ணன் வீட்டுல லாமினேட் போட்டு எட்டு வருஷமா அப்படியே இருக்கு" என்று ஊரிலிருந்து வரும் ஆலோசனையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஊரில் தரை குளுமையாக இருக்க வேண்டும் என்று பார்ப்போம். இங்கே தரை ஈரத்தைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

சுருக்கமாக என் கணிப்பு. லாமினேட் வேண்டாம். அடியில் அழுத்திய மரத்தூள் பலகை, மாப் தண்ணீர் இடுக்கில் இறங்கினால் ஓரம் தூக்கும். படுக்கையறைக்கு எஸ்பிசி வினைல் போதும். சுண்ணாம்புக்கல் தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது என்பதால் தண்ணீருக்கு அசையாது. வரவேற்பறைக்கும் சமையலறைக்கும் போர்சலின் டைல்ஸ். தண்ணீரை உறிஞ்சும் அளவு 0.5 விழுக்காட்டுக்குள் இருந்தால்தான் அதற்குப் போர்சலின் என்று பெயர். சாதாரண செராமிக் அதைவிட அதிகம் உறிஞ்சும்.

பழைய பார்க்கே இருந்து, அது ஆடாமல் இருந்தால், பிடுங்குவதற்கு முன் ஒரு முறை யோசியுங்கள். தேய்த்து வார்னிஷ் அடிக்க எனக்குச் சதுர அடிக்கு மூன்று வெள்ளிதான் கேட்டார்கள். அந்தத் தேக்கை இன்று புதிதாக வாங்கிப் போட முடியாது. நான் வினைலுக்குள் மூடிவிட்டேன், இப்போது நினைத்தாலும் மனசு கேட்கவில்லை.

நம் வீடுகளுக்கென்று ஒரு விஷயம் உண்டு. வினைலுக்குச் சூடு ஆகாது. பால் காய்ச்சிய அன்று கற்பூரத் தட்டை ஒரு நிமிடம் தரையில் வைத்தோம், தட்டின் அடிப்பகுதி அளவுக்குப் பழுப்பு வட்டம் விழுந்துவிட்டது. தேய்த்தும் போகவில்லை. ஹோமம் வளர்ப்பதாக இருந்தால் தரை போடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், இல்லையென்றால் டைல்ஸ் உள்ள இடத்தில், செங்கல்லும் மணலும் போட்டுச் செய்யுங்கள். பூஜை மாடத்தின் முன்னால் வழுவழுப்பான டைல்ஸும் வேண்டாம். விளக்கு எண்ணெய் நாலு சொட்டு விழுந்தால் போதும், பாட்டி வழுக்கி விழுவார்.

3. அனுமதி: யார், எப்போது

பழைய தரையை உடைத்து எடுத்து மாற்றுவதற்கு வீவகவின் புதுப்பிப்பு அனுமதி வேண்டும். நீங்களே விண்ணப்பிக்க முடியாது. வீவகவின் பதிவுப் பட்டியலில் உள்ள கன்ட்ராக்டர்தான் விண்ணப்பிக்க வேண்டும். உடைக்காமல் பழைய தரை மேலேயே வினைல் போடுவதற்குப் பொதுவாக அனுமதி தேவைப்படாது. இருந்தாலும் வீவக இணையத்தளத்தில் தரை வேலைகளுக்கான பகுதியை ஒரு முறை படித்துவிடுங்கள். கன்ட்ராக்டரின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் அங்கேயே தேடலாம். "பர்மிட் எல்லாம் தேவையில்ல சார், ரெண்டு நாள் வேலைதான்" என்று ஒருவர் உடைப்பு வேலைக்குச் சொன்னால் அவரை அத்தோடு விட்டுவிடுங்கள்.

முக்கியமான வரம்பு: சிமெண்டுப் பூச்சும் மேலே போடுவதும் சேர்ந்து மொத்தத் தடிமன் 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே ஓர் அடுக்குக்கு மேல் இன்னோர் அடுக்கு போட்டிருந்தால் நீங்கள் மூன்றாவது போட இடமிருக்காது. மறுவிற்பனை வீடுகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். வாசற்படி ஓரத்தில் டைல்ஸின் வெட்டுமுகம் தெரியும், எத்தனை அடுக்கு என்று எண்ணிவிடலாம்.

பிடிஓ வீடு (வீவகவிடம் முன்பதிவு செய்து வாங்கும் புது வீடு) என்றால், கட்டி முடித்த முதல் மூன்று ஆண்டுகளுக்குக் குளியலறையில் வீவக பதித்துக் கொடுத்த டைல்ஸை உடைக்க அனுமதி இல்லை. அடியில் உள்ள நீர்த்தடுப்பு கெட்டுவிடும் என்பதால்தான். பாம் ஷெல்டர் (குண்டுவீச்சுக்குத் தஞ்சம் புகும் அறை) உள்ள வீடுகளில் அந்த அறையின் கான்கிரீட்டில் கை வைக்கவே கூடாது.

1991 ஜனவரிக்கு முன் கட்டிய புளோக் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. அந்தக் காலத்துச் சதுர வினைல் ஓடுகளிலும் அவற்றை ஒட்டிய பசையிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். உடைக்கும் முன் தகுதி பெற்றவரை வைத்து ஆய்வு செய்ய வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்று கோட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். நீங்களாகச் சுரண்டிப் பார்க்க வேண்டாம்.

காண்டோவில் (தனியார் அடுக்குமாடி) இருப்பவர்களுக்கு நிர்வாகக் குழுவின் விதிகள் தனி. பெரும்பாலும் வைப்புத்தொகை கேட்பார்கள், லிஃப்டுக்குத் துணி கட்டச் சொல்வார்கள். நிர்வாக அலுவலகத்தில் படிவம் இருக்கும்.

4. கோட்டேஷனில் இல்லாததைத் தேடுங்கள்

இதுதான் எனக்கு அதிகம் செலவு வைத்த இடம். முதல் முறை வினைல் போட்டதற்கு என் கணக்கு இப்படி வளர்ந்தது. 700 சதுர அடிக்கு ஐந்து வெள்ளி வீதம் 3,500. வெட்டிச் சேதாரமாகும் பலகைக்குப் பத்து விழுக்காடு, 350. ஓரத்தில் அடிக்கும் ஸ்கர்ட்டிங் 210 அடி, அடிக்கு இரண்டரை வெள்ளி, 525. தரை உயர்ந்ததால் ஐந்து கதவுகளின் அடிப்பக்கத்தைச் சீவ 200. கட்டில், அலமாரிகளை நகர்த்த 250. ஆக 4,825. அதற்கு மேல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. மொத்தம் 5,259 வெள்ளி. சதுர அடிக்கு ஐந்து என்றது ஏழரைக்கு வந்து நின்றது.

இரண்டாம் முறை, வரவேற்பறையின் 380 சதுர அடியை மட்டும் உடைத்து டைல்ஸ் போட்டோம். உடைக்க 1,520. குப்பையை அள்ளிக் கொண்டுபோய்க் கொட்ட 500. புதிய சிமெண்டுப் பூச்சு 1,520. பதிக்கும் கூலி 2,280. டைல்ஸ், பத்து விழுக்காடு கூடுதலாக 418 சதுர அடி, நான்கு வெள்ளி வீதம் 1,672. ஸ்கர்ட்டிங் 300. வரியோடு சேர்த்து 8,493. சதுர அடிக்கு 22 வெள்ளிக்கு மேல்! டைல்ஸ் கடையில் பார்த்த விலை நான்கு வெள்ளிதான் என்பதை மறக்காதீர்கள். மீதி எல்லாம் கூலி, சிமெண்டு, குப்பை.

குப்பை என்றதும் ஒரு விஷயம். நகர மன்றம் பழைய மெத்தை, அலமாரி போன்றவற்றை எடுத்துக்கொண்டுபோகும். ஆனால் உடைத்த டைல்ஸையும் சிமெண்டையும் எடுக்காது. அதைக் கீழே குப்பைத் தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டு வரவும் கூடாது. கோட்டேஷனில் 'குப்பை அகற்றல்' என்ற வரி இல்லையென்றால் கேட்டுப் போடச் சொல்லுங்கள்.

வரியிலும் ஒரு பொறி. பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்த நிறுவனம் மட்டுமே அதை வசூலிக்கலாம். சின்னக் கன்ட்ராக்டர்கள் பலர் பதிவு செய்திருக்க மாட்டார்கள். பதிவு எண் கேளுங்கள், உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். அப்புறம், மூன்று கோட்டேஷன்களை ஒப்பிடும்போது எல்லாவற்றையும் வரியோடு சேர்த்த மொத்தமாக மாற்றிக்கொண்டு ஒப்பிடுங்கள். ஒருவர் வரியோடு சொல்வார், இன்னொருவர் இல்லாமல் சொல்வார்.

வினைல் என்றால் பலகையின் மொத்தத் தடிமன், மேலே உள்ள தேய்மான அடுக்கின் தடிமன் இரண்டையும் எழுதி வாங்குங்கள். அந்த மேல் அடுக்கு 0.3 மில்லிமீட்டரா 0.5-ஆ என்பதில்தான் விலை வித்தியாசம் இருக்கிறது. பிள்ளைகள் நாற்காலியை இழுக்கும் வீட்டுக்கு 0.5 வேண்டும்.

5. பணம்

மசே நிதியை (மத்திய சேம நிதி) தரை மாற்றப் பயன்படுத்த முடியாது. வீவக வீட்டுக் கடனிலும் இதற்கு இடமில்லை. வங்கிகள் தரும் புதுப்பிப்புக் கடன் பொதுவாக ஆறு மாதச் சம்பளம் அல்லது 30,000 வெள்ளி, எது குறைவோ அது. தரைக்கு மட்டும் என்றால் கையில் சேர்த்து வைத்துச் செய்வதே மேல்.

முன்பணம் பாதி கேட்டால் கொடுக்காதீர்கள். இரண்டாவது கன்ட்ராக்டரிடம் நான் கொடுத்த முறை: கையெழுத்திட்டபோது 20 விழுக்காடு, உடைத்துக் குப்பை போனதும் 30, டைல்ஸ் பதித்ததும் 40, டைல்ஸ் இடுக்கில் பூசும் கிரவுட் காய்ந்து நான் மறுபடி நாணயத்தால் தட்டிப் பார்த்த பிறகு கடைசி 10. அவர் முகம் கொஞ்சம் சுளித்தது, ஆனால் ஒப்புக்கொண்டார். பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் பெற்ற புதுப்பிப்பு நிறுவனங்களில் நிறுவனம் மூடிப்போனால் முன்பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு. விலை சற்று கூடும்.

தகராறு வந்தால் முதலில் பயனீட்டாளர் சங்கமான கேஸ். அதிலும் தீராவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும், வக்கீல் வைக்க முடியாது. அதற்காகத்தான் வாட்ஸ்அப் பேச்சையும் படங்களையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்கிறேன். நான் போகவில்லை. "டைல்ஸ் மேலேயே போடுங்க" என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன், அது அப்படியே கைப்பேசியில் இருந்தது.

6. எந்த மாதம், எத்தனை நாள்

உடைப்பது, துளைப்பது, டைல்ஸ் வெட்டுவது போன்ற சத்தமான வேலைகளுக்கு வாரநாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. சனிக்கிழமை கூடாது. மற்ற வேலைகளைத் திங்கள் முதல் சனி வரை 9 முதல் 6 வரை செய்யலாம். ஞாயிறும் பொது விடுமுறையும் எதுவுமே கூடாது. 'சனி, ஞாயிறு லீவில் முடித்துவிடலாம்' என்ற திட்டம் இங்கே நடக்காது. ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டுக்கு அனுமதிக் காலம் ஒரு மாதம், புதிய வீட்டுக்கு மூன்று மாதம்.

சீனப் புத்தாண்டுக்கு முந்தைய மாதம் எல்லாருக்கும் வேலை முடிய வேண்டும், கூலி ஏறும். புத்தாண்டு வந்தால் பல கடைகள் ஒரு வாரம், பத்து நாள் மூடிக் கிடக்கும். தீபாவளிக்குள் முடிக்க நினைப்பவர்கள் ஆகஸ்ட்டிலேயே கன்ட்ராக்டரைப் பேசி வைத்துவிடுங்கள். டிசம்பர் இங்கே மழை மாதம், சிமெண்டு காயத் தாமதமாகும். புத்தாண்டு முடிந்த பிறகு வரும் பிப்ரவரி, மார்ச் என் கணக்கில் நல்ல மாதங்கள்.

புதிய சிமெண்டுப் பூச்சின் மேல் வினைல் போடுவதாக இருந்தால் அவசரப்படுத்தாதீர்கள். இரவில் ஒரு முழ அளவு பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டிவிடுங்கள். காலையில் உள்பக்கம் வியர்த்திருந்தாலோ, அடியில் சிமெண்டு கருத்திருந்தாலோ இன்னும் ஈரம் இருக்கிறது. என் மாமனார் வீட்டில் பூசி பத்து நாள் கழித்தும் வியர்த்தது.

வரவேற்பறை வேலைக்கு எங்களுக்கு மொத்தம் இரண்டு வாரம் ஆனது. முதல் மூன்று நாள் வீட்டில் இருக்க முடியாது. ஏர்கானைப் பிளாஸ்டிக்கால் மூடி, அந்த நாள்களில் போடாமல் இருங்கள். நான் மூடவில்லை. கழுவுவதற்குத் தனியாக 150 வெள்ளி. மேல் வீடு, கீழ் வீடு, பக்கத்து வீடு மூன்றுக்கும் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். கதவில் ஒட்டும் அறிவிப்பு மட்டும் போதாது. கீழ் வீட்டு மலாய்க்கார அக்கா இரவு வேலைக்குப் போய் வந்து பகலில் தூங்குபவர். எந்தெந்த நாள் உடைப்போம் என்று தேதி சொன்னதும், அந்த நாள்களில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

7. குளியலறையை இதோடு சேர்க்க வேண்டாம்

"அதையும் சேர்த்துச் செஞ்சா மலிவு" என்பார்கள். குளியலறை வேறு உலகம். டைல்ஸை உடைத்தால் நீர்த்தடுப்பைப் புதிதாகப் போட வேண்டும், தண்ணீர் தேக்கி வைத்துச் சோதிக்க வேண்டும். கசிந்தால் கீழ் வீட்டுக் கூரையில் இறங்கும், அதைச் சரிசெய்யும் பொறுப்பு மேல் வீட்டுக்கும் உண்டு.

1997 வரை கட்டிய புளோக்குகளுக்கு வீடு மேம்பாட்டுத் திட்டம் வரும். புளோக்கில் தகுதியுள்ள சிங்கப்பூரர் குடும்பங்களில் 75 விழுக்காடு வாக்களித்து ஒப்புக்கொண்டால், கழிப்பறைப் புதுப்பிப்பை அரசாங்கம் பெரும் பங்கு செலவை ஏற்றுச் செய்து தருகிறது. உங்கள் புளோக் அந்த வயதென்றால், திட்டம் முடிந்துவிட்டதா, வரப் போகிறதா என்று விசாரித்துவிட்டுப் பிறகு உடையுங்கள். எங்கள் எதிர் வீட்டுக்காரர் சொந்தக் காசில் இரண்டு குளியலறைகளையும் மாற்றிய அடுத்த ஆண்டு வாக்களிப்புக் கடிதம் வந்தது.

8. வேலை முடிந்த அன்று

தரையில் உட்கார்ந்து, விளக்கைக் கீழே வைத்துப் பாருங்கள். மேடு பள்ளம் நிழலாகத் தெரியும். மறுபடி நாணயத்தை எடுத்து எல்லா டைல்ஸையும் தட்டுங்கள். எல்லாக் கதவுகளையும் திறந்து மூடிப் பாருங்கள், வாசல் இரும்புக் கேட்டையும் சேர்த்து. எங்கள் கேட் புதுத் தரையில் உரசியது. அதைச் சரிசெய்ய வெல்டிங்காரருக்குத் தனியாக 80 வெள்ளி.

வீவக தீ காப்புறுதி நீங்கள் புதிதாகப் போட்ட தரைக்குப் பணம் தராது. வீட்டுப் பொருள்களுக்கான தனிக் காப்புறுதி எடுக்கும்போது தரைக்குச் செலவான தொகையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரசீதுகளை அதோடு வையுங்கள்.

மிச்சமான டைல்ஸில் ஒரு பெட்டியையாவது, வினைலில் ஏழெட்டுப் பலகைகளையாவது எடுத்து வையுங்கள். கன்ட்ராக்டர் அவற்றைக் குப்பையோடு அள்ளிக்கொண்டு போய்விடுவார், அதற்குள் சொல்லிவிட வேண்டும். டைல்ஸ் பெட்டியின் பக்கத்தில் தொகுதி எண்ணும் நிற எண்ணும் அச்சிட்டிருக்கும். அதே பெயரில் அடுத்த ஆண்டு வாங்கினாலும் நிறம் ஒரு சாயல் மாறும், நடுக் கூடத்தில் அது கண்ணை உறுத்தும். எங்கள் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் இடிக்கிறது என்று வீட்டில் புகார் வருகிறது. பழுப்பு வட்டம் விழுந்த அந்த வினைல் பலகையை மட்டும் போன மாதம் நானே மாற்றிவிட்டேன்.